பாட வராத பென்குயினும் காசிமேட்டுப் பையனும்: ஒரு நிகழ்வு ஆய்வு

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு தெருவில், மொட்டை மாடிக் கொட்டகை ஒன்றில், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு நான் மாலை வகுப்பு நடத்தி வருகிறேன். அங்கே வந்த ஒரு பையனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்பதை, இரண்டு ஆண்டுகள் அவனை எதிரில் உட்காரவைத்துப் பாடம் நடத்திய நான் கண்டுபிடிக்கவில்லை; ஒரு கார்ட்டூன் படம் கண்டுபிடித்துக் கொடுத்தது. 2023 மே முதல் 2024 மே வரையிலான அந்த ஓராண்டை இங்கே பதிவு செய்கிறேன். குடும்பத்தாரிடம் முழுவதையும் படித்துக் காட்டி, அவர்கள் சொன்ன திருத்தங்களையும் சேர்த்துச் சம்மதம் பெற்றிருக்கிறேன். பெயரும் தெருவும் வேண்டாம் என்று பையனின் ஆயா கேட்டுக்கொண்டதால், அவனைப் ‘பையன்’ என்றே குறிப்பிடுகிறேன்.

பையன்

வகுப்பில் சேர்ந்தபோது அவனுக்கு எட்டு வயது; இந்த நிகழ்வின்போது பத்து. அவனுடைய நைனா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். இங்கே யாரும் அதை விசைப்படகு என்று சொல்வதில்லை, லாஞ்சு என்றுதான் சொல்வார்கள். அம்மா விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்துத் தண்டையார்பேட்டைப் பக்கம் கொண்டுபோய் விற்கிறவர். பையனை வளர்த்தது பெரும்பாலும் ஆயாதான்.

கூப்பிட்டால் ஒரு தடவையில் திரும்ப மாட்டான். சொல்வதெழுதுதலில் ‘கடல்’ என்றால் ‘கடன்’ என்று எழுதுவான்; ஆனால் பார்த்து எழுதச் சொன்னால் ஒரு பிழை இராது, கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். என் குறிப்பேட்டில் அவன் பெயருக்கு நேராக ‘கவனக் குறைவு’ என்று இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறேன். சளி பிடிக்கும்போதெல்லாம் காதில் சீழ் வடிகிறது என்று அவன் அம்மா ஒரு முறை சொன்னதும், பஞ்சு அடைத்த காதோடு அவன் பல நாள் வகுப்புக்கு வந்ததும் எனக்குத் தெரியும். தெரிந்த இந்த இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

2023 பொங்கலுக்குத் தெருவில் நடந்த விழாவில் எங்கள் பிள்ளைகள் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடினார்கள். இந்தப் பகுதியில் பாட்டு சாதாரண விஷயமல்ல. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் இரவு முழுவதும் மரண கானா நடக்கும். போனவரின் பெயர், தொழில், குணம், விட்டுப்போன பிள்ளைகள் என எல்லாவற்றையும் பாட்டுக்குள் கொண்டுவந்து வைப்பார்கள். பெஞ்சு, தகர டின், சோற்றுத் தட்டு என்று கைக்குக் கிடைத்ததில் தாளம் போடப் பிள்ளைகள் ஐந்து வயதிலேயே பழகிவிடுவார்கள். அப்படிப்பட்ட தெருவில், ஒத்திகையின்போது பையனின் குரல் மட்டும் சுதியை விட்டு எங்கோ போய்க்கொண்டிருந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அவனைப் பின்வரிசைக்கு அனுப்பி, “நீ வாய மட்டும் அசைடா, போதும்” என்றேன். அவன் சொன்னபடியே செய்தான். விழாவில் எடுத்த காணொளியில், மற்றவர்கள் பாடி நிறுத்திய பிறகும் அவன் வாய் ஒரு கணம் அசைந்துகொண்டிருப்பது தெரிகிறது. அதை இப்போது பார்க்க என்னால் முடியவில்லை.

படம்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். லாஞ்சுகள் கரையில் கட்டிக் கிடக்கும், ஆண்கள் வலை பின்னிக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். பள்ளி விடுமுறையும் அதே சமயத்தில் வருவதால், ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் பிள்ளைகளோடு பெற்றோரையும் அழைத்து மாடியில் படம் காட்டுவது எங்கள் வழக்கம். 2023 மே மாதத்தில் நான் தேர்ந்தெடுத்தது ‘ஹேப்பி ஃபீட்’ என்ற இசைச் சித்திரப்படம்.

ஜார்ஜ் மில்லர் இயக்கி 2006ல் வெளிவந்த இந்தப் படத்தை, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து அனிமல் லாஜிக் நிறுவனம் உருவாக்கியது. அடுத்த ஆண்டு சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருது இதற்குக் கிடைத்தது. அண்டார்டிகாவின் எம்பெரர் பென்குயின் கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் நெஞ்சிலிருந்து எழும் தனிப்பாட்டு ஒன்று உண்டு. அந்தப் பாட்டைக் கொண்டுதான் துணை தேட வேண்டும். தகப்பன் மெம்ஃபிஸ் கடுங்குளிரில் முட்டையைக் கால்மேல் வைத்துக் காக்கும்போது, ஒரு கணம் அதைப் பனியில் நழுவவிட்டுவிடுகிறது. தாமதமாகப் பொரிந்து வரும் குஞ்சு மம்பிளுக்குப் பாட்டு வரவில்லை. வாயைத் திறந்தால் கீச்சென்ற அலறல்தான் வருகிறது. மாறாக, அதன் கால்கள் சும்மா இருப்பதில்லை. வளர்ந்த பிறகும் குஞ்சுப் பருவத்துத் தூவி முழுவதும் உதிராமல் மார்பில் ஒட்டிக்கொண்டிருப்பதால், தூரத்தில் வரும்போதே அது யாரென்று தெரிந்துவிடும். மீன் குறையத் தொடங்கியதும், இந்தக் காலாட்டம்தான் பஞ்சத்தைக் கொண்டுவந்தது என்று மூத்தவர்கள் அதைத் துரத்திவிடுகிறார்கள்.

பாட்டைப் பற்றிய கற்பனைக்குப் பின்னால் உண்மை இருக்கிறது. எம்பெரர் பென்குயின் கூடு கட்டுவதில்லை. ஆண் பறவை ஏறத்தாழ 65 நாட்கள் முட்டையைக் காலின்மேல் வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கும். கடலுக்குப் போன பெண் பறவை திரும்பிவந்து ஆயிரக்கணக்கான ஒரே மாதிரி உருவங்களுக்கு நடுவே தன் துணையைக் குரலால்தான் அடையாளம் காண வேண்டும். இந்தப் பறவையின் குரல் உறுப்பு இரு கிளைகளாக இருப்பதால், ஒரே சமயத்தில் இரண்டு சுருதிகள் எழுகின்றன. அவை ஒன்றோடொன்று உரசும்போது உண்டாகும் துடிப்புதான் ஒவ்வொரு பறவைக்கும் தனி அடையாளம். அந்தத் தாழ்ந்த துடிப்பு, நெருக்கி நிற்கும் உடல்களை ஊடுருவிப் போகக்கூடியது என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். பாட்டுக்குள்ளேயே ஒரு தாளம் இருக்கிறது என்ற இந்தச் செய்தியைப் படித்தபோது, மம்பிளின் கால்களைப் படைத்தவர்கள் அறிந்தோ அறியாமலோ சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

மம்பிளின் குரல் எலைஜா உட் என்ற நடிகருடையது. கால்களோ சேவியன் குளோவர் என்ற கறுப்பின நடனக் கலைஞருடையவை. அவருடைய அசைவுகளைக் கணினியில் பதிவு செய்து பென்குயினுக்குப் பூட்டினார்கள். காலணியால் தரையைத் தட்டித் தாளம் எழுப்பி அவர் ஆடும் டேப் நடனத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1739ல் தென் கரோலினாவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததை அடுத்து, 1740ல் வந்த சட்டம் அவர்கள் மேளம் கொட்டுவதைத் தடை செய்தது. மேளத்தைப் பறிகொடுத்தவர்கள் உடம்பிலும் பாதத்திலும் தாளத்தைக் காப்பாற்றினார்கள். அந்த மரபும் அயர்லாந்துக் குடியேறிகளின் கால் நடனமும் கலந்து டேப் பிறந்தது. சாவு மேளம் அடிப்பவரின் கையைப் பழித்துக்கொண்டே அந்த மேளத்துக்கு ஆடுகிற ஊரில் வாழும் நமக்கு, இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அன்று மாலை நடந்தது

சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, வாடகைப் புரொஜெக்டர் வைத்திருந்தோம். ஸ்பீக்கர் சிறியது, அதை ஒரு நீள மரப் பெஞ்சின்மேல் வைத்திருந்தேன். படம் ஆங்கிலத்தில் இருந்ததால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி நான் தமிழில் கதை சொன்னேன். கூடியிருந்த முப்பது பேரில் வசனம் புரிந்தவர் யாரும் இல்லை. இந்த விவரம் முக்கியமானது, ஏனென்றால் அன்று மற்றவர்களுக்கும் பையனுக்கும் இருந்த வேறுபாடு மொழியால் வந்ததாக இருக்க முடியாது.

படம் தொடங்கியதும் பையன் எழுந்துபோய்ப் பெஞ்சுக்கு முன்னால் மண்டியிட்டு, அதன் விளிம்பில் தாடையை ஊன்றிக்கொண்டான். எத்தனை தடவை சொல்லியும் நகரவில்லை. பள்ளிக் காட்சியில் மம்பிள் முதன்முதலாகப் பாட வாய் திறந்து அலறியபோது மாடியே சிரித்து அதிர்ந்தது. கைக்குழந்தை ஒன்று பயந்து அழுதது. பையன் சிரிக்கவில்லை. அவன் திரையைப் பார்த்தான், திரும்பிச் சிரிக்கிறவர்களைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். ஆனால் மம்பிளின் கால்கள் பனிக்கட்டியில் தட்டத் தொடங்கியபோது, அவனுடைய இரண்டு ஆள்காட்டி விரல்களும் பெஞ்சின் அடிப்பக்கத்தில் அதே கணக்கில், ஒன்றுகூடப் பிசகாமல் தட்டின.

நடுவில் நிறுத்தியபோது என்னிடம் வந்து கேட்டான்: “டீச்சர், அது என்னா தப்பு பண்ணுச்சி? எல்லாம் வாயத் தொறந்துதே, அதுவும் தொறந்துச்சு. அத மட்டும் ஏன் சிரிக்கிறாங்க?”

எனக்கு விளங்க அரை நிமிடம் ஆயிற்று. அந்த அலறல் அவலட்சணமானது என்பது அவனுக்குத் தெரியவில்லை. ஏதோ ஓர் ஓசை எட்டியிருக்கலாம். மற்றப் பறவைகளின் இனிய குரலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எட்டவில்லை. அப்படியானால் பொங்கலுக்கு அவனைப் பார்த்து ஏன் சிரித்தார்கள் என்பதும், நான் ஏன் வாயை மட்டும் அசைக்கச் சொன்னேன் என்பதும் அவனுக்கு அன்றுவரை தெரியாது.

அடுத்து வந்த ஒரு காட்சி எனக்காகவே எடுக்கப்பட்டதுபோல் இருந்தது. தோழி குளோரியாவைக் கவர்வதற்காக, பின்னால் ஒளிந்திருக்கும் ரமோன் என்ற, அடெலி இனத்துச் சிறு பென்குயின் பாட, முன்னால் நின்று மம்பிள் வாயை மட்டும் அசைக்கிறது. ஏமாற்று வேலையைக் கண்டுகொண்ட குளோரியா முகம் திருப்பிக்கொள்கிறது. என் குரல் அடைத்துக்கொண்டதால், அந்த இடத்துக்கு மட்டும் நான் தமிழில் கதை சொல்லவில்லை.

காது

மறு வாரம் அம்மாவும் நானும் அவனை அரசு மருத்துவமனை ஒன்றின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். மருத்துவர் இசைக்கவை என்ற அதிர்வுக் கருவியைத் தட்டிக் காதருகே பிடித்தார். பையன் உதட்டைப் பிதுக்கினான். அதையே காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின்மேல் ஊன்றியதும் அவன் கண்கள் விரிந்தன. கையை உயர்த்தி, அது அடங்கும்வரை இறக்கவில்லை. நரம்பில் குறையில்லை, ஒலி உள்ளே போகும் வழியில்தான் அடைப்பு என்பதற்கு இது அடையாளம். தாடையைப் பெஞ்சில் ஊன்றிக்கொண்டு படம் பார்த்தவன், எலும்பின் வழியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

நடுக்காதில் நாட்பட்ட சீழ். இரண்டு செவிப்பறையிலும் ஓட்டை. செவித்திறன் சோதனையில் வலக் காதில் 50, இடக் காதில் 45 டெசிபல் இழப்பு. சாதாரணப் பேச்சு அவனுக்கு முணுமுணுப்பாகத்தான் எட்டும். இரைச்சலான வகுப்பறையில் பாதிச் சொற்கள் எட்டவே எட்டாது.

இங்கே ஒரு சட்டச் சிக்கலைக் குறிப்பிட வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல்வரை இழப்பு உள்ளவரைக் கேள்விக் குறையுடையவர் என்றும், அதற்கு மேல் இழப்பு உள்ளவரைச் செவித்திறனற்றவர் என்றும் வரையறுக்கிறது. 45 என்பது அந்த வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. சட்டத்தின் கணக்கில் இவன் காது கேட்கிற பிள்ளை; தெருவின் கணக்கில் செவிடு; என் குறிப்பேட்டின் கணக்கில் கவனமில்லாதவன். இப்படி நடுவில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள்தான் எங்கள் வகுப்புகளில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று ஆயா நைனாவைப் பார்த்துச் சொன்னதை, அவர்கள் அனுமதியோடு எழுதுகிறேன்: “அஞ்சு வயசுல நீச்சல் கத்துக் குடுக்கறேன்னு கடல்ல தூக்கிப் போட்டான் இவன். அன்னிக்குப் போச்சு புள்ள காது.” ஐந்து ஆண்டுகளாக அந்த வீட்டில் இந்தப் பேச்சு நடந்துவந்திருக்கிறது. நைனா எதிர்த்துப் பேசியதேயில்லை. பையனோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டிருந்தார். அடுத்த தடவை அவரை வற்புறுத்தி மருத்துவரிடம் அழைத்துப் போனேன். கைக்குழந்தைப் பருவத்துச் சளியிலிருந்தே இது தொடங்கியிருக்க வேண்டும், ஓட்டை விழுந்த காதில் தண்ணீர் போனால் சீழ் மறுபடி வரும், ஆனால் நோயைக் கொண்டுவந்தது கடல் இல்லை என்று அவர் விளக்கினார். நைனா படியிறங்கும்போது, “அந்தப் படத்துல முட்டைய உட்டாம்பாரு டீச்சர், அவன் மூஞ்சியவே நான் பாத்துக்கினு இருந்தேன்” என்றார். மகன் போன பிறகு மெம்ஃபிஸ் பாடுவதையே நிறுத்திவிடும். அந்த மாடியில் குற்ற உணர்வோடு உட்கார்ந்திருந்தவள் நான் மட்டும்தான் என்று எண்ணியிருந்தேன்.

மீன்

படம் முடிந்ததும் பிள்ளைகளைவிடப் பெரியவர்களே அதிகம் பேசினார்கள். பென்குயின்களின் மீனை அள்ளிக்கொண்டு போனவை மனிதர்களின் மீன்பிடிக் கப்பல்கள் என்பதைத் திரையில் கண்டதும், பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், “அடப்பாவி, நம்ம லாஞ்சுடா அது” என்றார். யாரும் சிரிக்கவில்லை. மீன்பாடு குறைந்துபோனதற்கு யார் காரணம் என்ற வாக்குவாதம் இரவு பத்து மணிவரை நடந்தது. மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலை என்றார் ஒருவர். தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்ட அந்த வலைக்கு, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால் வாரம் இரண்டு நாள் நிபந்தனையுடன் இடைக்கால அனுமதி கொடுத்திருந்த நேரம் அது. எண்ணூர்க் கழிவு என்றார் இன்னொருவர். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதிலிருந்து கணக்குச் சொன்னார்.

இந்த வாக்குவாதத்துக்கும் பையனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பஞ்சம் வரும்போது கூட்டம் தனக்குள்ளேயே வித்தியாசமான ஒருவனைத் தேடிப் பழிபோடும் என்பதைப் படம் சரியாகக் காட்டுகிறது. அதை வாழ்ந்து அறிந்தவர்கள் இவர்கள். ‘இவன் பொறந்த நேரம்தான்’ என்ற பேச்சைப் பையனும் கேட்டிருக்கிறான், அல்லது அவன் காதுக்கு எட்டாமல் போயிருக்கிறது.

ஆனால் முடிவில் படம் எனக்கு உடன்பாடாக இல்லை. மனிதர்களைத் தேடிப் போன மம்பிள் காட்சிக்கூடத்தில் அடைபட்டு, ஆட்டத்தால் அவர்கள் கவனத்தைக் கவர்ந்து, முதுகில் கருவியோடு திரும்பி வருகிறது. கூட்டம் முழுவதும் ஆட, உலகம் அதைப் பார்த்து அண்டார்டிகாவில் மீன்பிடிப்பையே தடை செய்கிறது. நிஜத்தில் அங்கே 1982 முதல் ஒரு பன்னாட்டு உடன்படிக்கை மீன்பிடிப்புக்கு அளவு வைத்து வருகிறது. முழுத் தடை இல்லை. அது போகட்டும். மம்பிளைக் கூட்டம் ஏற்றுக்கொள்வது, அதன் கால்களால் மீன் திரும்பி வந்ததால். மீன் திரும்பி வந்திருக்காவிட்டால்? பயன்பட்டதற்குக் கூலியாக இடம் கிடைத்தால், பயன் தீர்ந்த அன்று அந்த இடமும் போய்விடும். அதே படத்தில் இதைவிட நல்ல பதில் முன்னரே இருக்கிறது: ஒன்றும் நிரூபிப்பதற்கு முன்பே குஞ்சின் காலாட்டத்தை ரசித்த தாய் நார்மா ஜீனிடமும், கூழாங்கல் பொறுக்கித் திரியும் அந்தச் சிறு அடெலி நண்பர்களிடமும்.

பையன் விஷயத்தில் இரண்டும் நடந்தன. படத்துக்குப் பிறகு அவன் பெஞ்சில் தாளம் போடுவதைக் கேட்ட பெரிய பையன்கள், அவனைக் கானா பாடும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு வாரம் தெருவே அவனைப் பற்றிப் பேசியது. நானும் மகிழ்ந்துபோனேன், அது அவசரம். ஜூன் மாதம் லாஞ்சுகள் கடலுக்குப் போனதும் கானா ஓய்ந்தது. மறுபடி ‘டேய் செவுடு’ என்றே கூப்பிட்டார்கள்.

நிலைத்தது வேறொன்று. கேரம் ஆடும்போது அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால், பலகையின் சட்டத்தில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவது என்று அவன் வயதுப் பிள்ளைகள் நாலு பேர் தாங்களாகவே வழக்கமாக்கிக்கொண்டார்கள். தட்டினால் நிமிர்ந்து பார்ப்பான், பிறகு பேசுவார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் நானும் அவனை முன்வரிசைக்கு மாற்றினேன், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசுவதை நிறுத்தினேன், பேசுமுன் அவன் மேசையைத் தட்டப் பழகினேன். ஆகஸ்டில் சொல்வதெழுதுதலில் இருபதுக்குப் பதினேழு வாங்கினான்.

மறு கோடை

சீழ் வற்றிக் காது உலர்ந்த பிறகுதான் அறுவை சிகிச்சை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, மீன் வாங்கவே மக்கள் பயந்தார்கள்; அம்மாவுக்கு வியாபாரம் படுத்துவிட்டது. அந்த நிலையிலும் தேதியைத் தள்ளிப்போட நைனா ஒப்பவில்லை. 2024 ஜனவரியில் வலக் காதின் செவிப்பறை அடைக்கப்பட்டது; ஏப்ரல் சோதனையில் அந்தக் காதின் இழப்பு 50லிருந்து 30க்குக் குறைந்திருந்தது. இடக் காது இன்னும் பாக்கி. தகரக் கூரையில் காக்காய் நடப்பதுகூடக் கேட்கிறது, தூக்கம் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டான்.

2024 மே மாதம் படம் காட்டும் நாள் வந்தபோது, அதே படத்தையே போடச் சொல்லிக் கேட்டவன் அவன்தான். இந்த முறை பெஞ்சுக்குப் போகவில்லை. பாயில் நைனாவின் மடியை ஒட்டி உட்கார்ந்தான். பள்ளிக் காட்சி வந்தது. மம்பிள் வாயைத் திறந்து அலறியது. எல்லாரோடும் சேர்ந்து பையனும் வெடித்துச் சிரித்தான். சிரித்த வேகத்தில் பக்கத்திலிருந்தவன்மேல் சாய்ந்தான்.

பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தி, கூட்டத்துக்கு நடுவே என்னைத் தேடித் திரும்பினான்.

“டீச்சர், பொங்கலுக்கு நான் இப்டித்தான் பாடுனனா?”

“ஆமாண்டா” என்றேன்.

சற்று நேரம் யோசித்தான். “அதான் வாய அசைக்கச் சொன்னியா?” என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். மம்பிளின் கால்கள் தட்டத் தொடங்கியிருந்தன.